தேமாவைப் புரிய வைத்த மூவருக்கு

அன்புள்ள டீச்சரம்மாவுக்கும், தபலா தம்பிக்கும், என் மகளுக்கும்,

46 வயதில் ஒரே ஒரு குறள் வெண்பா (திருக்குறள் மாதிரி இரண்டடிச் செய்யுள்) எழுதியதற்கு நாலு பேர் அறிய நன்றி சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் 'அலகிட்டு வாய்பாடு எழுதுக' (செய்யுளை அசை அசையாகப் பிரித்து அந்த அமைப்பின் பெயரை எழுதுக) என்ற கேள்வியைக் கண்டாலே அடுத்த பக்கத்துக்குத் தாவியவன் நான். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று பெருக்கல் வாய்பாடு மாதிரி ஒப்பித்திருக்கிறேன். அசை என்பது ஒலித்துண்டு. ஒற்றெழுத்தைக் கணக்கில் விட்டால் ஒரே எழுத்து நேர், குறிலோடு இன்னொன்று சேர்ந்த இரண்டு எழுத்து நிரை. அசைகள் சேர்ந்தது சீர், தேமாவும் புளிமாவும் அந்தச் சீர்களின் பெயர்கள். செய்யுளுக்கும் மாமரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஏதோ மரத்தைப் பற்றிய பழைய கதை இருக்கும்போல என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

டீச்சரம்மா, நீங்கள் விளக்கமே சொல்லவில்லை. "புளிமா என்ற சொல்லையே அசை பிரித்துக் காட்டுங்கள்" என்றீர்கள், அவ்வளவுதான். புளி, இரண்டு குறில், நிரை. மா, தனி நெடில், நேர். நிரை நேர் புளிமா! பெயரே அளவுகோல். தே, மா என்றால் நேர் நேர். கூவிளம் நேர் நிரை, கருவிளம் நிரை நிரை. நேர் என்ற சொல்லே நேரசை, நிரை என்ற சொல்லே நிரையசை. நாள், மலர், காசு, பிறப்பு என்ற ஈற்றுச்சீர் (வெண்பாவின் கடைசிச் சீர்) பெயர்களும் அப்படித்தான். இத்தனை வருடம் விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைத் தேடியிருக்கிறேன். அன்று எனக்கு வந்தது சிரிப்பா எரிச்சலா என்று இன்னும் தெரியவில்லை.

அப்புறம் தளை, அதாவது ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் இணையும் விதம். 'மாமுன் நிரை, விளமுன் நேர்' என்பதையும் மனப்பாடமாகச் சொல்வேன், ஏன் என்றுதான் தெரியாது. காரிகை கற்றுக் கவிபாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு பழைய கேலி உண்டு. காரிகை என்பது யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், சொல்லும் நூல்; பேரிகை முரசு. எனக்குக் காரிகையைச் சொல்லிக் கொடுத்தது கொட்டுகிற கைதான். தம்பி, உனக்கு யாப்பில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு வேகமாக இரண்டு தட்டு என்று மட்டும் சொன்னேன். கற்|க, கச|டறக், கற்|பவை, கற்|றபின், நிற்|க, அதற்|குத், தக என்று நான் பிரித்துச் சொல்லச் சொல்ல மேசையில் தட்டினாய். மூன்றாவது முறை தட்டும்போது நிறுத்தி, "அண்ணே, ஒத்தையில முடிஞ்சா அடுத்தது ரெட்டையில ஆரம்பிக்குது, ரெட்டையில முடிஞ்சா ஒத்தையில" என்றாய். மா முடிவது நேரில், அதனால் அடுத்தது நிரை. விளம் முடிவது நிரையில், அதனால் அடுத்தது நேர். மாறி மாறி வந்தால் வெண்பாவுக்கு வேண்டிய வெண்டளை, ஒரே மாதிரி ஒட்டினால் வேறு வகைப் பாவுக்குரிய ஆசிரியத்தளை. அந்த மேசைத் தட்டு இன்னும் காதில் இருக்கிறது.

'அகர முதல' குறளுக்கு வந்ததும் எழுத்தெல்லாம், ஆதி என்ற இடத்தில் உன் கணக்கு உதைத்தது. மூன்று அசையுள்ள காய்ச்சீர் நேரில் முடிந்தும் அடுத்தது நேராகவே வர வேண்டும். "மூணு அசை வந்தா மூச்சு வாங்கணும்ல" என்று ஒரு காரணம் சொன்னாய். இலக்கணம் ஒப்புமோ என்னவோ, எனக்கு அது போதும்.

கடைசியாக என் மகள். நான் எழுதிய முதல் அடி 'எட்டாத தென்று இருந்தேன் எளிதாக' என்று இருந்தது. விரல் விட்டு எண்ணி, தளை பிசகவில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினேன். சத்தமாகப் படிக்கச் சொன்னதும் அவள் ஒரே மூச்சில் 'தென்றிருந்தேன்' என்றாள். குற்றியலுகரம் (சொல் முடிவில் குறுகி ஒலிக்கும் 'உ') அடுத்து உயிர் வந்ததும் ஓடிவிட்டது! இரண்டு சீர் ஒன்றாகிக் கூவிளங்காய் (நேர் நிரை நேர்) ஆனது. அடிக்கு நான்கு சீர் வேண்டிய இடத்தில் மூன்றுதான் நின்றது. காய்க்குப் பின் 'எளிதாக' நிரையில் தொடங்கித் தளையும் போயிற்று. நான் கண்ணால் எழுதியிருந்தேன், அவள் காதால் படித்தாள். ஒரு ஏகாரம் போட்டுச் சரிசெய்தேன்.

எட்டாத தென்றே இருந்தேன் எளிதாகத்
தொட்டேன் உமதே துணை.

டீச்சரம்மா, 'எளிதாக' என்பது சுத்தப் பொய், எட்டு மாதம் ஆனது. ஆனால் 'எட்டாத'வுக்கும் 'எளிதாக'வுக்கும் மோனை (முதல் எழுத்துப் பொருத்தம்) நன்றாக அமைந்துவிட்டதால் மாற்ற மனம் வரவில்லை. அடுத்தது நேரிசை வெண்பா என்கிற நாலடிப் பாட்டு. இரண்டாம் அடியின் முடிவில் தனித்து நிற்கும் தனிச்சொல் இப்போதே உதைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரலாமா? தம்பியையும் கூட்டி வருகிறேன், மேசை மட்டும் உங்களுடையது.

நன்றியுடன்,
உங்கள் தாமத மாணவன்