மல்லித் தோட்டத்துல லைட்டு நின்னு எரியுது, உதவுன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். இன்னையோட பதினோரு நாளாச்சு, காலையில மூன்றரைக்குப் போட்டா ஆறு மணிக்கு நானா அணைக்கிற வரைக்கும், பூ எடுக்க நானே செஞ்ச பேட்டரி லைட்டு ஒரே மாதிரி எரியுது, மங்கல, துடிக்கல, எதுவும் கருகல. இதுக்கு யார் யாரு காரணமோ அவங்களுக்கு எல்லார் முன்னாடியும் நன்றி சொல்லணும்னு தான் எழுதுறேன், நேர்ல சொன்னா "அட விடுப்பா"ன்னு பேச்சை மாத்திருவாங்க.

நமக்கு உசிலம்பட்டிப் பக்கம் செல்லம்பட்டி தாண்டி ஒரு சின்ன மல்லித் தோட்டம். மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கெடச்சுச்சு, ஆனா அதை எடுக்குற அம்மாவும் பெரியம்மாவும் கூட வர்ற அக்காக்களும் இந்த லைட்டு வர்ற வரைக்கும் வெள்ளன எந்திரிச்சு இருட்டுல தலையில டார்ச் கட்டிக்கிட்டு தான் எடுத்தாங்க. மொட்டு விரியுறதுக்கு முந்தி எடுத்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஏத்தி விடணும், அதனால விடியட்டும்னு உக்காந்திருக்க முடியாது. போன பங்குனியில பெரியம்மா காலு கிட்ட ஒரு கட்டுவிரியன் போச்சு, டார்ச் வெளிச்சம் கை மேல இருந்ததால காலு பக்கம் யாருக்கும் தெரியல. அன்னைக்கு முடிவு பண்ணேன், வரப்புல கம்பு நட்டு மாட்டுற மாதிரி லைட்டு நானே செய்யணும்னு.

ரெடிமேடா ஒண்ணு வாங்கிப் பாத்தேன், மூணு வாரத்துல போயிருச்சு, பிரிச்சா உள்ள எல்லாம் பசை ஊத்தி மூடி வச்சிருக்கு, கை வைக்கவே வழியில்ல. சரி கெட்டுப்போனா நம்மளே திருப்பிச் சரி பண்ற மாதிரி இருக்கட்டும்னு எல்எம்317 ஐசி வச்சு, கரண்டைக் கூடாம ஒரே அளவுல நிறுத்துற ரெகுலேட்டர் போட ஆரம்பிச்சேன். ஒரு வாட் எல்இடிக்கு வோல்டேஜ் 3.2 பக்கம், கரண்ட் 350 மில்லி ஆம்ப் தாண்டக் கூடாது. வோல்டேஜ் கொஞ்சம் ஏறுனாலும் கரண்ட் எக்கச்சக்கமா ஏறும், சூடு ஏற ஏற எல்இடியோட வோல்டேஜ் இறங்கும், அப்ப இன்னும் கரண்ட் இழுக்கும், இன்னும் சூடாகும், அப்படியே செத்துரும். அதனால தான் வோல்டேஜை இல்ல, கரண்டைக் கட்டிப் பிடிக்கணும். அந்த ஐசிக்கு இன், அவுட், அட்ஜஸ்ட்னு மூணு காலு, அதுல அவுட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவுல எப்பவும் 1.25 வோல்ட் நிக்கும், அங்க ஒரு ரெசிஸ்டரைப் போட்டு அட்ஜஸ்ட் காலுல இருந்து எல்இடிக்கு எடுத்தா 1.25-ஐ அந்த ரெசிஸ்டரோட ஓம்ல வகுத்தா என்னவோ அது தான் கரண்ட். இம்புட்டு தான் சர்க்யூட்டே. 1976-ல ராபர்ட் டாப்கின் வடிவமைச்ச ஐசி இது, இன்னைக்கும் எங்க ஊருச் சந்துல இருக்குற கடையில கெடைக்குது, அவருக்கும் ஒரு நன்றி.

முதல் நன்றி டவுன்ஹால் ரோடு பக்கம் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்குற அண்ணனுக்கு. நான் 3.9 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் போட்டிருந்தேன், அஞ்சு நிமிசத்துல கலர் கோடெல்லாம் கருத்து வாசனை வந்துருச்சு. அண்ணே கடையில கூட்டம் நெரியுது, இருந்தாலும் பில்லைத் திருப்பிப் போட்டு பின்னாடி எழுதிக் காட்டுனாரு, 1.25 வகுத்தல் 3.9 சமம் 0.32 ஆம்ப், அதை 1.25-ஆல பெருக்குனா 0.4 வாட், கால் வாட் எப்படிப்பா தாங்கும், ஒரு வாட் கொண்டு போன்னாரு. 7805-ங்குற இன்னொரு ரெகுலேட்டர் ஐசியைப் போட்டுப் பழகுன கையில காலு மாறிப் போகும்னு சொல்லி, எழுத்து நம்மளைப் பாத்து இருந்தா இடது பக்கத்துல இருந்து அட்ஜஸ்ட், அவுட், இன்-ன்னு அதே பில்லுல படமும் போட்டுக் குடுத்தாரு. அந்தப் பில்லு இன்னும் பெட்டி மூடியில ஒட்டியிருக்கு.

அடுத்தது எனக்கு ஐடிஐல பாடம் எடுத்த சாருக்கு. மூணு எல்இடி வரிசையா, அப்படி ரெண்டு லைன், மொத்தம் ஆறு, லைனுக்கு ஒரு ஐசி. பேட்டரி 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்ப்-மணி, பேட்டரியோட கொள்ளளவு). சார்ஜ் போட்டு எடுத்த உடனே நல்லா எரியும், முக்கால் மணி நேரத்துல மங்கிரும். மங்கலுல பிஞ்சு மொட்டும் வெளஞ்ச மொட்டும் ஒண்ணா தெரியும், அம்மா அன்னைக்கு எடுத்ததுல பாதி பிஞ்சு, மார்க்கெட்டுல வெலை கொறச்சுட்டாங்க, எனக்கு மனசே ஆறல. பேட்டரி தான் போச்சுன்னு புதுசு வாங்கப் போனவனை சார் போன்லயே நிப்பாட்டுனாரு. "எல்இடியைப் பாக்காத, ஐசியோட இன் காலுலயும் அவுட் காலுலயும் மீட்டரை வையி, எவ்வளவு காட்டுது?"ன்னாரு. ஒன்றரை வோல்ட் கூட இல்ல. அதுல தான் வெசயமே, மூணு எல்இடிக்கு 9.6, ரெசிஸ்டருக்கு 1.25, ஆக 10.85 போக மிச்சத்துல தான் ஐசி வேலை பாக்கணும், அதுக்கு ரெண்டு வோல்ட்டாவது வேணும், மூணு இருந்தா நிம்மதி. பேட்டரி 12-க்கு இறங்குனா எங்க இருந்து வரும்? "மூணு மூணா ரெண்டு லைன் வேணாம், ரெண்டு ரெண்டா மூணு லைன் போடு"ன்னாரு. அதே ஆறு எல்இடி தான், ஐசி மட்டும் ஒண்ணு கூட. ஒரு பேட்டரி காசு மிச்சம் பண்ணிக் குடுத்தீங்க சார், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல போனை எடுத்து.

இதுக்கு அப்புறம் வந்தது தான் நாலு நாளு தூக்கத்தைக் கெடுத்துச்சு. மேசை மேல ஒவ்வொரு லைனா பாத்தா மூணும் 320 மில்லி ஆம்ப், அச்சு மாதிரி. பெட்டிக்குள்ள மாட்டுனா ஒரு லைன் பளிச்சுன்னு, ஒண்ணு கொறச்சலா, ஒரு ஐசி மட்டும் விரல் வைக்க முடியாத சூடு, மத்த ரெண்டும் அவ்வளவா சூடு இல்ல. ஐசி டூப்ளிகேட்டுன்னு நெனச்சு மூணையும் மாத்துனேன், அப்பவும் அப்படியே தான். திருமங்கலத்துல மில்லுல இன்ஸ்ட்ருமென்ட் வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க, நம்ம சொந்தம், வீட்டு விசேசத்துக்கு வந்த எடத்துல பட்டுச் சேலையோட தரையில உக்காந்து பாத்தாங்க. ஒயரை வெட்டி வெட்டி ஆம்ப் பாக்காதடா, ரெசிஸ்டரோட ரெண்டு முனையில வோல்ட் பாருன்னாங்க. 1.25, 1.34, 1.44. மூணாவது நம்பரைப் பாத்ததும் அக்கா நிமிந்தாங்க. "ஐசி 1.25-க்கு மேல விடவே விடாது, அப்ப இந்தக் கரண்ட் அது வழியா வரல, வேற எங்கிட்டோ இருந்து வருது." எங்கிட்டு இருந்துன்னு அவங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு, ஆனா அந்த ஒரு வார்த்தை இல்லைன்னா நான் இன்னமும் ஐசியை மாத்திக்கிட்டே தான் இருந்திருப்பேன் அக்கா.

மறுநாள் பெட்டியை அப்படியே பைக்குல கட்டி உசிலம்பட்டிக்குக் கொண்டு போனேன், அங்க பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சரி பண்ற ஐயா ஒருத்தர் இருக்காக. கரண்ட் இல்லாமலே, ரெண்டு முனைக்கும் இணைப்பு இருந்தா பீப் அடிக்கிற மாதிரி மீட்டரை வச்சு ஒரு ஐசியோட முதுகுத் தகட்டுல ஒரு முனை, பக்கத்து ஐசியோட முதுகுல இன்னொரு முனை வச்சாக. பீப். மூணாவதுலயும் பீப். "என்னப்பா, மைக்கா எங்க?"ன்னு கேட்டாக. மைக்கான்னா ஐசிக்கும் தகட்டுக்கும் நடுவுல வைக்குற, கரண்ட் கடத்தாத மெல்லிசான துண்டு. நான் அது இல்லாம மூணு ஐசியையும், சூட்டை வாங்கிக்கிற ஒரே அலுமினியத் தகட்டுல நேரா திருகியிருந்தேன். அந்த ஐசியோட முதுகு உள்ளுக்குள்ள அவுட் காலோட சேந்தது, அப்ப மூணு அவுட்டும் தகடு வழியா ஒண்ணாயிருச்சு. எந்த லைன் எல்இடிக்கு வோல்டேஜ் அதிகம் வேணுமோ அந்த ஐசி மட்டும் எல்லாச் சுமையையும் இழுக்குது, ஒரு ஆம்புக்கு மேல, மத்த ரெண்டும் வேலையே இல்லாம ஓஞ்சு நிக்குது, வோல்டேஜ் கம்மியா கேக்குற லைனுக்குள்ள கூடுதல் கரண்ட் பாயுது. ஒரு லைன் 370 மில்லி ஆம்ப் வரைக்கும் போயிருந்துச்சு.

"3055 டிரான்சிஸ்டர் காலத்துல இருந்து மைக்கா இல்லாம நாங்க திருகுனதே இல்லப்பா"ன்னு சொல்லி, தகர டப்பாவுல இருந்து மைக்காத் துண்டு எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்து ஓட்டை கீறல் இல்லைன்னு தெரிஞ்ச பெறகு, ரெண்டு பக்கமும் வெள்ளை பேஸ்ட்டை நகத்தால மெல்லிசா தடவி, ஸ்குரூ ஐசியோட முதுகைத் தொடாம பிளாஸ்டிக் புஷ் போட்டு, ஒவ்வொண்ணா இறுக்கி, இறுக்குன பெறகு மறுபடி பீப் வருதான்னு பாத்துக் குடுத்தாக. எழுபது வயசுக்கு மேல இருக்கும், கை நடுங்கவே இல்ல. பேட்டரி ஒயரு நீளமா இருக்குன்னு ஐசியோட இன் காலு பக்கத்துல ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் வச்சுக் குடுத்தாக. போட்டுப் பாத்தோம், 1.25, 1.25, 1.25. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

கோயமுத்தூர்ல படிக்கிற தம்பி, நீ சொன்னதும் சரி தான். 12-ல 6.4 தான் எல்இடிக்குப் போகுது, கிட்டத்தட்ட பாதி சூடா வீணாகுது, அதிகமா வீணாக்காம வோல்டேஜை இறக்கிக் குடுக்குற பக் டிரைவர் சர்க்யூட் போட்டா பேட்டரி ரொம்ப நேரம் வரும். ஆனா எங்களுக்கு ரெண்டரை மணி நேரம் போதும், அதுக்கு பேட்டரியோட 7 ஏஎச்-ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தான் செலவாகுது. அடுத்த பெட்டி நீ சொன்னபடி பண்ணலாம், லீவுல வா.

எங்க அம்மாக்கும் பெரியம்மாக்கும் அக்காக்களுக்கும் சொல்லியே ஆகணும். லைட்டை உசரமா ஒரே பக்கம் மாட்டுனா எங்க நெழலே செடி மேல விழுகுதுடான்னு சொன்னது நீங்க தான், இப்ப இடுப்பு உசரத்துல, பாத்திக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. இப்ப காலு தெரியுது, வரப்பு தெரியுது.

ஐயா காசு வாங்க மாட்டேன்னுட்டாக. அவுக வீட்டம்மா மட்டும் போறப்ப, உங்க தோட்டத்துப் பூ ரெண்டு முழம் குடுப்பான்னு கேட்டாக. பதினோரு நாளும் காலையில முதல் பஸ் கண்டக்டர் அண்ணன் கையில குடுத்து விடுறேன், அவரும் தவறாம கொண்டு போய்ச் சேக்குறாரு, அவருக்கும் நன்றி. மைக்காவும் புஷ்ஷும் ஏழு செட்டு மிச்சம் இருக்கு, பக்கத்துத் தோட்டத்துக்காரங்க யாருக்கும் லைட்டு போடணும்னா சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, பெட்டியைத் தெறந்தே காட்டுறேன்.