பிளான் இல்லாத மாளிகைப் புத்தகங்கள்

இங்கிலாந்தின் பழைய கிராமப்புற மாளிகைகளைப் படப் புத்தகங்களாகக் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். வீட்டு பிளான் வரைவது என் தொழில். உங்கள் புத்தகங்களைக் காசு சேர்த்து வாங்குகிறேன். அண்மையில் வாங்கிய ஒன்றில் தாளும் அச்சும் அருமை. ஆனால் கடைசிப் பக்கம் வரை புரட்டியும் ஒரு பிளான்கூட இல்லை. மாளிகையின் முகப்பை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டதில் தலைவாசலே நடுத் தையலுக்குள் போய்விட்டது. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

டெர்பிஷயரின் கெடில்ஸ்டன் மாளிகையைப் பாருங்கள். அதைப் படம் பிடிக்கிறவர்கள் சலவைக்கல் கூடத்துக்கும் அதன் 20 தூண்களுக்கும்தான் முதலில் போகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் சூட்சுமம் பிளானில் இருக்கிறது. நடுவில் விருந்தினரை வரவேற்கும் பெரிய கட்டடம். ஒரு பக்கம் குடும்பம் புழங்கிய கட்டடம், மறுபக்கம் சமையல்கட்டு. இரண்டையும் நடுக்கட்டடத்தோடு சேர்ப்பவை வளைந்த நடைக்கூடங்கள். பிளான்மேல் விரலை வைத்து நகர்த்தினால், சமையல்கட்டிலிருந்து சாப்பாட்டு அறைக்கு ஒரு தட்டைச் சுமந்தவர் எவ்வளவு தூரம் நடந்திருப்பார் என்று தெரியும். எந்தப் போட்டோவும் அதைச் சொல்லாது. பக்கக் கட்டடங்கள் நான்கு என்றுதான் திட்டம், எழுந்தவை இரண்டு. அதுவும் பிளானைப் பார்த்தால்தான் புரியும்.

1715-ல் கட்டடக் கலைஞர் காலன் கேம்ப்பெல், பிரிட்டன் கட்டடங்களின் வரைபடப் புத்தகமான ‘விட்ருவியஸ் பிரிட்டானிகஸ்’ முதல் தொகுதியைக் கொண்டுவந்தபோது பிளானும் முகப்பும் சேர்த்தே செதுக்கி அச்சிட்டார், அடிக்கணக்கில் ஸ்கேலோடு. அவர் வடிவமைத்த எசெக்ஸின் வான்ஸ்டெட் மாளிகை கடனில் மூழ்கி, 1820-களில் இடிக்கப்பட்டுக் கல்லும் மரமுமாக விலைபோனது. இன்று அங்கே வீடு இல்லை. கேம்ப்பெல் அச்சிட்ட அந்தத் தாள்களில் மட்டும் இன்னும் அளந்து பார்க்கலாம். கட்டாத கோபுரங்களையும் அவர் பிற்பாடு சேர்த்து வரைந்தார் என்பது வேறு விஷயம்.

சர்ரேயின் கிளாண்டன் மாளிகை 2015 ஏப்ரலில் தீப்பிடித்து, ஏறக்குறைய வெறும் சுவர்களாக நின்றது. தீ வந்த பிறகு எதை அளப்பது?

அடுத்த பதிப்பில் மாளிகைக்கு ஒரு மடிப்புத் தாள் கொடுங்கள். எல்லாத் தளங்களின் பிளானும், கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்ததுபோல் காட்டும் ஒரு செக்‌ஷனும், ஸ்கேலும், வடக்குக் குறியும் அதில் இருக்கட்டும். வேலைக்காரர் மாடிப்படியை விட்டுவிடாதீர்கள். அப்புறம், முகப்புப் படத்தைத் தையலுக்கு இந்தப் பக்கமே முடித்துவிடுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்