காரைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போகாதே

டோர்ட்முண்ட்

அன்புள்ள குணம்,

நேற்று இரவு நீ அனுப்பியதைப் படித்தேன். வைகாசியில் லண்டனிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறாய், ஜேர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேர் தீர்த்தம் முடியும்வரை நிற்கிறாய், பிறகு காரை இங்கே இருக்கிற உன் தம்பியிடம் விட்டுவிட்டு பிளேனில் போய் ஆவணியில் வந்து எடுக்கிறாய். போனில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ பாதியில் "சரி சரி, பார்ப்போம்" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன், இருந்து முழுவதையும் படி.

முதலில் வீட்டுப் புதினம். பேத்திக்கு முப்பத்தொன்று கழிந்துவிட்டது. மகள் தேறிவிட்டாள். வசந்திக்கு இரவில் நித்திரை இல்லை, ஆனால் முகத்தில் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறாள். குழந்தைக்கு என் அம்மாவின் நெற்றி. எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நானும் தூக்கும்போதெல்லாம் அந்த நெற்றியைத்தான் பார்க்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் மாசிக் கடைசியில் பேர்னிலிருந்து எங்கள் காரிலேயே வந்தோம், சுவிஸ் நம்பர் பிளேட்டோடு. குழந்தை பிறந்து மூன்றாவது கிழமை எனக்குக் கண் டொக்டரிடம் தவணை இருந்தது. மருமகனின் கார் கராச்சில். வீட்டில் பச்சை உடம்புக்காரி இருக்கும்போது கார் இல்லாமல் எப்படி என்று நினைத்து, என் காரை விட்டுவிட்டு ரயிலில் பேர்னுக்குப் போனேன். சாவியைச் சமையலறை ஆணியில் கொழுவினேன். "மருமகன் என் காரை ஓட்டலாம்" என்று ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, காருக்குள் வைத்தேன். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன், பார்.

இரண்டாம் நாள் மருமகன் தமிழ்க் கடைக்குப் போய்ப் பால்சுறா, சரக்குத்தூள், உள்ளி, நல்லெண்ணெய் எல்லாம் வாங்கிக்கொண்டு ஓட்டோபான் நெடுஞ்சாலையில் வந்திருக்கிறார். சுங்க வண்டி ஒன்று முன்னால் வந்து, பின்னால் வரும்படி காட்டி, ஓய்விடத்துக்குள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். சுறா வாசத்தில் ஒருவர் இரண்டு அடி பின்னால் போனாராம். ஆனால் அவர்கள் பார்க்க வந்தது டிக்கியை அல்ல. நாலே நாலு கேள்வி. கார் யாருடையது? அவர் எங்கே வசிக்கிறார்? நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்? கார்க்காரர் இப்போது எங்கே நிற்கிறார்?

மருமகன் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். மாமனாருடைய கார், அவர் சுவிஸ், நான் டோர்ட்முண்ட், அவர் இப்போது பேர்னில். நாலாவது பதிலோடு அந்த அதிகாரி பேனையை எடுத்துவிட்டாராம். என் கடிதத்தை நீட்டினபோது, அதை வாசித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாராம்.

குணம், எனக்கும் இது தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் சுவிசில் இருக்கிறேன், எத்தனை தரம் எல்லை தாண்டியிருப்பேன்! சட்டம் இதுதான். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, அதனால் சுவிஸ் கார் ஒன்றியத்துக்குள் சுங்க வரி கட்டாத சாமான். வெளியில் வசிக்கிற ஒருவர் தன் சொந்தப் பாவனைக்குக் கொண்டுவந்து, ஆறு மாதத்துக்குள் திரும்பக் கொண்டுபோவார் என்ற நம்பிக்கையில்தான் வரி இல்லாமல் உள்ளே விடுகிறார்கள். அந்தச் சலுகை காருக்கு இல்லை, வெளியில் வசிக்கிற ஆளுக்கு. ஜேர்மனியில் வசிக்கிற ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால், கார் இறக்குமதியான மாதிரி. இடையிடையே, காரின் சொந்தக்காரர் கேட்டுக்கொண்டதற்காக, உள்ளூர்க்காரர் ஓட்டலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த நேரம் சொந்தக்காரர் ஒன்றியத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். பக்கத்து சீட்டில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நான் இந்த வீட்டுச் சோபாவில் படுத்திருந்தாலே போதும், மருமகன் சுறா வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்திருப்பார்.

காரின் பெறுமதியை 12,000 யூரோ என்று எடுத்தார்கள். சுங்கவரி 10 சதவீதம், 1,200. இரண்டையும் கூட்டி அதற்கு மேல் 19 சதவீத விற்பனை வரி, 2,508. மொத்தம் 3,708 யூரோ. தெரியாமல் நடந்தது என்று விளங்கிக்கொண்டதால் தண்டம் போடவில்லை. ஆனால் வரி வரிதான். மருமகன் தான்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். குழந்தை பிறந்த வீட்டில், மாமனாரின் காரால் இப்படி ஆகிவிட்டதே என்று நான் போனில் பேச முடியாமல் நின்றேன். கடைசியில் நான்தான் கட்டினேன். அவர் இன்னும் அதைப் பற்றிப் பேசினால் தலை குனிகிறார். அதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய வருத்தம்.

சட்டத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இல்லாவிட்டால் இங்கே உள்ளவர்கள் எல்லாரும் வெளியில் உள்ள சொந்தக்காரர் பெயரில் கார் வாங்கி, வரி கட்டாமல் ஓடிக்கொண்டே இருப்பார்கள். மறுபக்கமும் அப்படித்தான். சுவிசில் வசிக்கிற நான் மருமகனின் ஜேர்மன் காரை அங்கே நினைத்தபடி எடுத்து ஓட முடியாது. ஆனால் இதை யாரும் சொல்வதில்லை. முக்கோணம் வை, மஞ்சள் அங்கி வை என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆபத்து இந்த இடத்தில்தான். அண்ணன் பேர்னில், தம்பி டோர்ட்முண்டில், அக்கா பாரிசில், மச்சான் லண்டனில். ஆர் வந்தாலும் கார் சாவி ஆணியில் தொங்கும், ஆருக்குத் தேவையோ அவர் எடுப்பார். ஊரில் உன் அப்பாவின் ஏ-40 காரை அரைத் தெருவே ஓடவில்லையா? பொருளாதாரத் தடை நேரம் அது மண்ணெண்ணெயில் ஓடினபோதுகூட, பிரசவத்துக்கென்று கேட்டால் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அந்தப் பழக்கம்தான் எங்களோடு எல்லை தாண்டி வந்திருக்கிறது.

நீ சொல்வாய், "2018இல் நான் தம்பியிடம் இரண்டு மாதம் விட்டுவிட்டுத்தானே போனேன், ஒன்றும் நடக்கவில்லையே" என்று. அப்போது பிரிட்டன் ஒன்றியத்துக்குள் இருந்தது, உன் கார் உள்ளூர்ச் சாமான், சுங்கம் கேட்க எதுவும் இல்லை. 2021 தை 1இலிருந்து உன் லண்டன் காரும் என் சுவிஸ் காரும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நீ லண்டனில் இறங்கின நிமிடத்திலிருந்து தம்பி அந்தக் காரைத் தொடக்கூடாது. பெற்றோல் அடிக்கக்கூட வேண்டாம்.

இன்னொன்று. காருக்கு ஆறு மாதம். உனக்கு அப்படி இல்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள் எல்லாம் சேர்த்து 180 நாளில் 90 நாள்தான். பிரான்சில் அக்கா வீட்டில் நிற்கிற நாளும் அதற்குள் அடங்கும். கலண்டரை வைத்து எண்ணு. காரை விட்டுத்தான் போக வேண்டும் என்றால் பூட்டி, ஒதுக்கமான இடத்தில் நிறுத்தி, சாவியை உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போ. ஆணியில் கொழுவாதே. நீ இங்கே நிற்கும்போது தம்பி ஒன்றிரண்டு தரம் ஓட்டுவதென்றால் சுங்கம் பேசாது, ஆனால் இன்சூரன்ஸ் பேசும். உன் பொலிசியில் அவன் பெயர் இருக்கிறதா பார். வெளிநாட்டில் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று காட்டுகிற கிரீன் கார்ட் இப்போது தேவையில்லை. ஆனாலும் உன் இன்சூரன்சை ஐரோப்பாவில் முழுதாகக் கேட்டு வாங்காவிட்டால், மற்றவனுக்கு நடந்த சேதத்துக்கு மட்டுமே பணம் கொடுப்பார்கள், உன் காருக்கு இல்லை.

வழி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஃபோக்ஸ்டோனில் காரை ரயிலில் ஏற்றினால் 35 நிமிடத்தில் கலே. கார்ப் புத்தகத்தின் ஒரிஜினலைக் கொண்டு வா. எந்த நாட்டுக் கார் என்று காட்டுகிற பழைய ஜிபி ஸ்டிக்கரைக் கழற்றிவிட்டு யூகே ஒட்டு, 2021 புரட்டாசியில் மாற்றிவிட்டார்கள். என் காரில் சிஎச் ஒட்டியிருக்கிறது. இலங்கைக் காருக்கு இன்னமும் சிஎல் தான், சிலோன் என்ற பெயர் போய் இவ்வளவு காலமாகியும்! பெல்ஜியத்தில் அன்ட்வேர்ப்பில் ரிங் வீதியோடு போய்விடு, நகரத்துக்குள் இறங்குவதென்றால் புகைக் கட்டுப்பாட்டுக்காக பிரிட்டிஷ் காரை முதலே பதிய வேண்டும். டோர்ட்முண்ட் நகரத்துக்குள் புகை குறைந்த கார் என்று காட்டுகிற பச்சை ஸ்டிக்கர் கேட்பார்கள், வெளிநாட்டுக் காருக்கும்தான். இல்லாவிட்டால் 100 யூரோ. வர முதலே எடுத்து வை.

ஹெட்லைட்டுக்கு ஒட்டுகிற மறைப்பையும் மறந்துவிடாதே. உன் லைட் இடப்பக்க ஓட்டத்துக்குச் செய்தது, இங்கே எதிரில் வருகிறவனின் கண்ணுக்குள்ளேயே அடிக்கும். அப்புறம், லொறியை முந்தும்போது வலப்பக்க ஸ்டியரிங்கில் இருந்து உனக்கு எதுவும் தெரியாது. பக்கத்தில் இருக்கிற மனைவிதான் கண். அவவைத் தூங்க விடாதே.

தீர்த்தத்தன்று கால்வாய்க் கரைக்குச் சேர்ந்து போவோம். கூட்டத்தில் கார் விட இடம் கிடைக்காது, விடியவே போய்விட வேண்டும். போன தரம் நீ தோளில் தூக்கி வைத்திருந்த என் மகன் இப்போது உன்னைவிட உயரம். இந்த முறை பேத்தியை நீ தூக்கு.

என் கார் கீழே நிற்கிறது, ஜன்னலால் தெரிகிறது. சாவி என் சட்டைப் பையில். வசந்தி உடுப்புத் தோய்க்கும்போதெல்லாம் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கத்துகிறாள்.

எந்த நாள் ரயில் என்று எழுது.

அன்புடன்,
தேவன்