வாய்க்குக் காவல்

பாளையங்கோட்டை,
செவ்வாய் இரவு.

அன்பு நண்பனுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. மகளுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்ததை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நல்லா இருக்கட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு மக?" என்று கேட்டாள்.

"அம்மாவைப் பார்த்துக்கொள்ள உனக்கு இருக்கிற பொறுமை யாருக்கு வரும்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் அம்மா வாசலுக்கு வந்துவிடுவாள். "அப்பா வந்தாச்சா?" பத்து நிமிஷத்தில் மறுபடி அதே கேள்வி. இரண்டு மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை. மூன்று நாள் கழித்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது, வீட்டு மோட்டார் வேறு எரிந்து கிடக்கிறது. நான் குடம் குடமாகத் தூக்குகிறேன், அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "அப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சும்மா!" என்று கத்திவிட்டேன்.

கதவைப் பிடித்திருந்த கை நழுவியது. "எப்போ? எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?" என்று அப்படியே கீழே உட்கார்ந்து அழுதாள். புதுத் துக்கம் மாதிரி அழுதாள். அரை மணி கழித்து, கண் ஈரம் காயாமலே, "அப்பா வந்தாச்சா?" என்றாள்.

அன்று இரவு ஜெபத்தில் வேதத்தில் வரிசைப்படி வாசிக்க வந்தது எண்ணாகமம் 20. தாகத்தில் தவித்த ஜனத்துக்குத் தண்ணீர் வர, கன்மலையைப் பார்த்துப் பேசச் சொன்னார் கர்த்தர். மோசே கோலால் இரண்டு தரம் அடித்தான். அதனால் வாக்குப்பண்ணின கானான் தேசத்துக்குள் அவன் போகக் கூடாதென்று ஆயிற்று. ஞாயிறு பள்ளியில் நாம் படித்ததுதான். நாற்பது வருஷம் ஜனத்தைச் சுமந்தவனுக்கு இதற்காகவா கானான் இல்லை என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. அன்றைக்குத்தான் வேறொன்று கண்ணில் பட்டது. அவன் அடித்தும் தண்ணீர் வந்தது, ஏராளமாக வந்தது. கோபம் காரியத்தை முடித்துவிடுகிறது, அதனால்தான் அதை விட மனசு வருவதில்லை. நான் கத்தினதும் அம்மாவும் கேள்வியை நிறுத்தினாள்தானே. சங்கீதம் 106 இதைப் பேசும்போது கோலைச் சொல்லவில்லை, அவன் உதடுகளால் பதறிப் பேசினதைத்தான் சொல்கிறது.

இத்தனை வருஷம் விடியற்காலையில் "ஆண்டவரே, பொறுமை தாரும்" என்று மொத்தமாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவேன். சாயங்காலத்துக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. இப்போது கேட்கிற நேரத்தை மாற்றிவிட்டேன். அவள் செருப்புச் சத்தம் வாசல் பக்கம் வரும்போதே, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." சங்கீதம் 141-இல் உள்ள வரி. ஒரு மூச்சுக்குள் சொல்லிவிடலாம். அப்புறம், "அப்பாவைப் பத்திச் சொல்லும்மா, காப்பி போடுறேன்" என்பேன். அப்படித்தான் ஒரு நாள், கல்யாணமான புதிதில் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய் அப்பா கீர்த்தனைப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு, அவள் புத்தகத்தை எட்டிப் பார்த்துப் பாடினதைச் சொன்னாள். ஐம்பது வருஷமாக நான் கேட்டிராத கதை.

எல்லா நாளும் இப்படி இல்லை. போன வியாழக்கிழமை மறுபடி கத்தினேன். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று தெரியாமலே என் தலையைத் தடவினாள்.

உன் பட்டா விஷயம். சத்தம் போட்டால்தான் ஃபைல் நகருகிறது, இது பாவமா என்று கேட்டிருக்கிறாய். கேட்காமல் இருந்துவிடாதே. லூக்கா 18-இல் அந்த விதவை அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நின்றாளே, அதுவும் பொறுமைதான், வாய்மூடி இருப்பதை நான் பொறுமை என்று சொல்லமாட்டேன். போ, கேள், அடுத்த வாரமும் போ. படியேறும்போது மட்டும் அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொள். எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கும் வீட்டில் ஒரு அம்மா இருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன் வீட்டுப் பழைய கீர்த்தனைப் புத்தகத்தைக் கொண்டு வா. அம்மாவுக்கு எங்கள் பெயர்கூடச் சில நேரம் தட்டுகிறது, கீர்த்தனைகள் மட்டும் வரி பிசகாமல் வருகின்றன. எனக்குத்தான் இரண்டாம் சரணத்துக்கு மேல் தெரியவில்லை.

உன் பழைய கூட்டாளி.