குடும்ப ஐக்கியச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய ஆயர் அவர்களுக்கும் அன்பான அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

மாதக் கூட்டங்கள், வேதபாடம், உபவாச ஜெபம், கிறிஸ்மஸ் கீதப் பவனி யாவும் கர்த்தருடைய கிருபையால் நடந்தேறின. விவரம் நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கிறது. ஆராதனைக்கு வருவது நின்றுபோன குடும்பங்களைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

செயற்குழு அவர்களை வீடு தேடிப் போய்ச் சந்தித்தது. விசுவாசத்தை விட்டுவிட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மனஸ்தாபத்தில் போனவர்களும் குறைவே. மூத்த பிள்ளைக்கு ஞாயிறு காலை டியூஷன், "இந்த ஒரு வருஷம்தான்" என்று ஒரு குடும்பத்தார் வருவதை நிறுத்தினார்கள். அவன் படித்து முடிப்பதற்குள் தம்பி அதே வகுப்புக்கு வந்துவிட்டான். கைக்குழந்தை அழுதபோது திரும்பி முறைத்தவர்களை ஒரு தாய்க்கு இன்னும் நினைவிருக்கிறது. 2020-இல் கொரோனாவால் ஆலயங்கள் அடைபட்டபோது கைப்பேசியில் ஆராதனை பார்க்கப் பழகியவர்கள் சிலர், ஆலயம் திறந்த பிறகும் அதிலேயே தங்கிவிட்டார்கள்.

அதிகம் உழைத்தவர்களும் போயிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, கமிட்டி எல்லாவற்றையும் ஒரே தம்பதியின் தலையில் கட்டினோம். ஓய்ந்துபோய்ப் பொறுப்புகளை ஒப்படைத்தார்கள். அத்தோடு வரவும் இல்லை. வேலை இல்லாமல் சும்மா வந்து உட்கார அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறதாம்.

ஒரு வீட்டில் எங்களைக் கண்டதும் அந்த அம்மா, "சந்தா பாக்கியா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே பணம் எடுக்க உள்ளே போனார். நியாயமான கேள்வி. யார் வரவில்லை என்று பார்க்க நம்மிடம் இருக்கும் ஒரே பதிவேடு சந்தாப் புத்தகம்தானே! மற்றபடி, முதல் ஆராதனையில் காணாதவர் இரண்டாவதற்கு வந்திருப்பார் என்று விட்டுவிடுகிறோம்.

வராதவர்களிடம் எபிரெயர் 10:25-ஐச் சொல்ல நாம் தயங்குவதில்லை: "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல" விட்டுவிடக் கூடாது. அதற்கு முந்தின வசனம் "ஒருவரையொருவர் கவனித்து" என்கிறது. அது வருகிறவர்களுக்கு.

ஆகவே செயற்குழுவின் பரிந்துரை: தொடர்ந்து இரண்டு ஞாயிறு காணாத குடும்பத்தை அந்த வாரமே வட்டாரப் பொறுப்பாளர் போய்ப் பார்க்கவேண்டும், ரசீதுப் புத்தகம் கையில் இருக்கக் கூடாது. ஒருவருக்கு ஒரு பொறுப்புக்கு மேல் கொடுக்கவும் கூடாது. இவற்றைச் சங்கத்தின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்