பெட்டியைத் திறந்து கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள தோழர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் ஐயாமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். கம்யூனிஸ்ட் கட்சிகளைச் சார்ந்த ஏஐடியுசி, சிஐடியு சங்கத்து வீடுகளில் தோழர் என்று கூப்பிட்டேன். திமுகவின் தொமுச வீடுகளில் அண்ணன் என்றேன், காங்கிரஸின் ஐஎன்டியுசி பெரியவர்களை ஐயா என்றேன். மூன்று வருடமாக நாக்கு அப்படியே பழகிவிட்டது. இந்த மடலும் அப்படித்தான் தொடங்க வருகிறது.

புதுச்சேரித் தொழிற்சங்கங்கள் ஒன்றாக உட்கார்ந்த கதையையும் கட்சிவாரியாகப் பிரிந்த கதையையும் எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்துப் படி அச்சகத்துக்குப் போயிருக்கிறது. புத்தகம் வந்தபிறகு முன்னுரையில் நாலு வரி நன்றி போடலாம்தான். ஆனால் உதவிய பலர் புத்தகம் படிக்கிறவர்கள் இல்லை, சிலருக்குக் கண் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டட்டும் என்றுதான் தனியாக எழுதுகிறேன்.

ரோடியர் மில்லில் தறி ஓட்டியவரின் மகள் நான். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் அடுப்பு பற்றும். 1898இல் தொடங்கி, பின்னாளில் ஏஎஃப்டி என்று பெயர் மாறிய அந்த மில் 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. அப்பா அதைப் பார்க்க இல்லை. அவருடைய தகரப் பெட்டியில் மூன்று சங்கங்களின் சந்தா ரசீதுகள் இருந்தன. ஒரே மனிதர், ஒரே தறி, எப்படி மூன்று சங்கம்? அந்தக் கேள்விதான் என்னை உங்கள் வாசல்களுக்கு அனுப்பியது.

முதல் நன்றி முதலியார்பேட்டைத் தோழருக்கு. முதல் வரைவில் நான் பெரிய தப்பு ஒன்று செய்திருந்தேன். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது, கூடவே சங்கமும் உடைந்தது என்று எழுதிவிட்டேன். அதைப் பேரனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டவர், எண்பது தாண்டிய வயதில், வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "கட்சி ஒடஞ்சது அறுபத்தி நாலு. சிஐடியு வந்தது எழுபது. நடுவுல ஆறு வருஷம் எல்லாரும் ஏஐடியுசி ரசீதுலதாம்மா சந்தா கட்டுனோம். அந்த ஆறு வருஷத்த எழுதாம விட்டா எப்படி?" என்றார்.

அந்த ஆறு வருடத்தைத் தேடப் போனதில்தான் புத்தகத்தின் பாதி கிடைத்தது. மாலையில் தனித்தனிக் கட்சிக் கூட்டம். மறுநாள் காலை ஒரே கேட்டில் நின்று ஒரே கோஷம். காங்கிரஸ் அரசோடு எவ்வளவு தூரம் போகலாம் என்று தேநீர்க் கடை பெஞ்சில் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டவர்கள், பஞ்சப்படிப் பேச்சுவார்த்தைக்கு ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போயிருக்கிறார்கள். பிரிவு வெறும் நாற்காலிச் சண்டை என்று நானும் நினைத்திருந்தேன். அது சரியில்லை. அந்த மனிதர்கள் நம்பியதற்காகவே பிரிந்தார்கள், அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் 1970 மே மாதம் கொல்கத்தாவில் சிஐடியு உருவான பிறகு இங்கே கொடிமரங்கள் இரண்டானதை முதலியார்பேட்டைத் தோழர் சொல்லும்போது குரல் உடைந்தது. சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் இருந்தாராம். அதையும் எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, அதுவும் நடந்ததுதானே" என்றார்.

அவர் சொன்னது ஒரு பக்கம் மட்டும்தானே என்று தயங்கியபோது, எதிர்ச் சங்கத்தில் முப்பது வருடம் பொருளாளராக இருந்த அண்ணனிடம் போகச் சொன்னவரும் அவரேதான். அந்த அண்ணன் வரவு செலவு நோட்டுகளை என் மடியில் வைத்துவிட்டு, "எங்க தப்பையும் சேர்த்து எழுதுங்க டீச்சர்" என்றார். போனஸ் பேச்சில் ஒரு சங்கம் கையெழுத்துப் போட்டு மற்றது வெளியே நின்ற கதையை அவரே விவரமாகச் சொன்னார். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிரெஞ்சுத் தாள்களைப் படித்துத் தமிழில் சொன்ன, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா ஐயாவுக்கு நன்றி. பென்ஷன் வாங்கப் போகிற நாளிலும் வழியில் இறங்கி இரண்டு பக்கம் படித்துக் கொடுத்துவிட்டுப் போவார். 1936 ஜூனில் பிரான்சில் சோசலிஸ்ட் பிரதமர் லியோன் பிளூமின் அரசு தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேரம் என்று சட்டம் போடுகிறது. ஜூலை 30ஆம் தேதி அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், இங்கே சவானா மில் வேலைநிறுத்தத்தில் 12 தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அன்று, ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1937இல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் இங்கே சட்டமாயின. அன்று கேட்டில் நின்றவர்களுக்கு எத்தனை கொடி? அந்த ஒரு கேள்வியை எல்லாச் சங்கத்தாரிடமும் கேட்டேன், எல்லாரும் கொஞ்சம் அமைதியானார்கள்.

கடலூர் முதுநகர் அண்ணனுக்கும் நன்றி. புதுச்சேரிக் கதை ஏன் சென்னைக் கதையைப் போல ஓடவில்லை என்று எனக்குப் புரிய வைத்தவர் அவர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், எல்லையில் இருக்கும் கன்னியக்கோயிலைத் தாண்டிக் கடலூர் பக்கம் போனால் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதிவு செய்யலாம். இந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம். 1947 மே மாதம் ஐஎன்டியுசியும் 1948 டிசம்பரில் சோசலிஸ்டுகளின் எச்எம்எஸ்ஸும் தோன்றியபோது நாம் எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தோம். பிரெஞ்சு ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறிய 1954 நவம்பர் 1க்குப் பிறகுதான் இந்தியக் கட்சிகளின் சண்டை எல்லாம் முழுசாக நம் மில் வாசலுக்கு வந்தது. ஏழு பேர் விதியும் பிறகு வந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் நூறு பேர் அல்லது பத்து சதவீதம் என்று மாற்றுவதற்குள் எத்தனை சங்கப் பலகைகள் ஏறிவிட்டன என்று அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

ரோமன் ரோலண்ட் நூலக ஊழியர்களுக்கும், மங்கிப்போன நோட்டீஸ்களைப் பாதி விலைக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தந்த தம்பிக்கும் நன்றி. ஒரு அலுவலகத்தில் மட்டும் பழைய கோப்பு கேட்டு நாலு முறை அலைந்தேன், கிடைக்கவில்லை. போகட்டும்.

அப்புறம், அக்காமார்கள். எந்த நோட்டிலும் உங்கள் பெயர் இல்லை. வேலைநிறுத்தம் நீண்டபோது காதில் இருந்ததை அடகு வைத்தது நீங்கள். எந்தக் கொடிக்காரன் வீட்டில் உலை வைக்கவில்லை என்று பார்த்துச் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததும் நீங்கள்தான். "பசிக்கிற புள்ளைக்கு எந்தச் சங்கம்னு தெரியுமா?" என்று உப்பளத்து அக்கா ஒருத்தர் கேட்டார். அந்த அத்தியாயத்தை மட்டும் நான் திருத்தவே இல்லை, நீங்கள் சொன்னபடியே அச்சுக்குப் போயிருக்கிறது.

2013 பிப்ரவரியில் இரண்டு நாள் பொது வேலைநிறுத்தத்தில் ஆர்எஸ்எஸ் சார்ந்த பிஎம்எஸ், ஐஎன்டியுசி, ஏஐடியுசி, சிஐடியு என்று எல்லா மத்தியச் சங்கங்களும் சேர்ந்து நின்றன. 2015 செப்டம்பர் வேலைநிறுத்தத்தில் பிஎம்எஸ் விலகிக்கொண்டது. இரண்டையும் எழுதியிருக்கிறேன். கடைசி அத்தியாயத்துக்கு ஒரே அறையில் உட்கார்ந்து பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது, ஐந்து சங்கத்துப் பெரியவர்கள் வந்தீர்கள். இரண்டு பேர் இருபது வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்கள் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒருவர் மற்றவருக்கு மாத்திரை போடத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததை நான் பார்த்தேன். அன்று பேசியதைவிட அது பெரிது எனக்கு.

வாங்கிய ரசீதுகள், படங்கள், நோட்டுகள் எல்லாம் பெயர் எழுதித் தனித்தனி உறையில் கட்டி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு வீடாக நானே கொண்டுவந்து தருகிறேன். முதலில் முதலியார்பேட்டை.

அன்புடன்,
தறிக்காரர் மகள்