மறுபதிப்பில் மாறியது என்ன என்று அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என்சிஇஆர்டி (மத்திய அரசின் பாடநூல் வெளியிடும் அமைப்பு) பாடநூல் எதையும் எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். முதல் பதிப்பு வந்த மாதம், மறுபதிப்பு வந்த மாதங்கள், இந்திய தேசிய நாட்காட்டியான சக ஆண்டுக் கணக்கில் அவற்றுக்கான பெயர்கள், 80 ஜிஎஸ்எம் கனமுள்ள நீர்க்குறித் தாள் என்பதுவரை இருக்கும். போன பதிப்பில் இருந்த எந்தப் பத்தி இதில் இல்லை என்ற விவரம் மட்டும் இருக்காது.

2022இல் பாடச்சுமையைக் குறைத்தபோது நீக்கிய பகுதிகளின் பட்டியலை வெளியிட்டார்கள். முறையான செயல்தான். ஆனால் 2023இல் வந்த 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் காந்தி கொலையை ஒட்டிய சில வரிகளும் ஆர்எஸ்எஸ் தடை பற்றிய குறிப்பும் இல்லை. அந்த நீக்கம் பட்டியலிலும் இல்லை. கவனப்பிசகாக இருக்கலாம் என்றார் இயக்குநர். பட்டியல் நூலுக்குள்ளேயே அச்சாக வேண்டும் என்ற விதி இருந்திருந்தால் இந்தப் பதிலுக்கு இடமே இருந்திருக்காது.

அரசியலை விட்டுவிடுவோம். உயிரியலைப் பாருங்கள். 11ஆம் வகுப்பில் 22 பாடங்கள் 19 ஆயின. 12ஆம் வகுப்பில் 16 பாடங்கள் 13 ஆயின. 12இல் முதல் பாடம் போனதால், பூக்கும் தாவர இனப்பெருக்கம் இரண்டிலிருந்து ஒன்றாம் பாடமாகிவிட்டது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கி நீட் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, 'மூன்றாம் பாடம்' என்று பயிற்சி வினாத்தாள் சொல்வது எதை என்றே குழப்பம். தேர்வுக்குத் தேவையில்லாத பாடத்தையும் மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்குகிறார்கள்.

செலவில்லாத தீர்வு உண்டு. ஒவ்வொரு மறுபதிப்பிலும் ஒரே ஒரு பக்கம்: பக்க எண், நீக்கியது, சேர்த்தது, காரணம், பழைய பாட எண்ணுக்கு நேரான புதிய எண். இணையத்தில் புதிய கோப்பைப் பழையதன் மேல் ஏற்றாமல், எல்லாப் பதிப்புகளையும் ஆண்டுவாரியாக வைக்க வேண்டும். அச்சேறிய பின் தெரியவரும் பிழைக்குத் தனி ஒட்டுச்சீட்டு போதும். அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

காலக்கெடுவும் வேண்டும். 2024இல் ஏப்ரலில் வகுப்பு தொடங்கியும், ஆறாம் வகுப்பின் புதிய சமூக அறிவியல் நூல் ஜூலையில்தான் வந்தது. டிசம்பருக்குள் கையெழுத்துப்படி முடியாத நூலை அந்த ஏப்ரலில் அறிமுகப்படுத்தக் கூடாது. பழைய நூலே இன்னொரு வருடம் ஓடட்டும்.

— மேல்நிலை உயிரியல் ஆசிரியர், மதுரை